இரண்டு படங்களுக்கு நடுவில்



போன வாரம் எங்கள் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே குழந்தையின் இரண்டு படங்கள் வந்தன. இடது பக்கம் கலைந்த தலை, அழுக்குச் சட்டை. வலது பக்கம் சீருடை, ரிப்பன், சிரிப்பு. கீழே "அன்று – இன்று" என்று எழுதியிருந்தது. நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள். போட்டவர் நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார். ஆனாலும் எனக்குக் கைதட்ட மனசு வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980-களின் நடுவில், ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு, ஆனைமலை அடிவாரத்தில் விடுதியோடு இருந்த ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். மலையிலிருந்து காடர் குழந்தைகள் வந்து தங்கிப் படிப்பார்கள். நன்கொடை தருபவர்களுக்கு அனுப்புவதற்காக, பிள்ளை சேரும் அன்று ஒரு படம், வருஷக் கடைசியில் ஒரு படம் எடுப்பது அங்கே வழக்கம். பொள்ளாச்சியிலிருந்து ஸ்டுடியோக்காரர் வருவார். கருப்பு வெள்ளைப் படம்தான்.

அந்த வருஷம் ஏழு வயசுப் பெண் ஒருத்தி வந்தாள். குளித்து, எண்ணெய் தேய்த்து, துவைத்த கவுன் போட்டு வந்திருந்தாள். கொண்டையில் ஒரு மூங்கில் சீப்பு. அவள் அம்மா தன் தலையிலிருந்து எடுத்து மகளுக்குச் செருகிவிட்டது.

ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்து, "ஏனுங் டீச்சர், புள்ள இப்பவே நல்லாத்தானுங்க இருக்குது? அப்புறம் ரெண்டாவது படத்துல என்னத்தைக் காட்டறதுங்க?" என்றார்.

சீப்பை உருவியது நான்தான். தலையைக் கலைத்துவிட்டதும் நான்தான். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. படம் எடுத்ததும் சீப்பை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தலையில் வைத்துக்கொள்ளாமல் மடியில் முடிந்துகொண்டு போனார்.

வருஷக் கடைசியில் இரட்டைச் சடையோடு இரண்டாவது படம் எடுத்தோம். நடுவில் நடந்தது எதுவும் படத்தில் இல்லை. இரண்டு மாதம் அவள் வாயே திறக்கவில்லை. அவள் பேச்சு எங்களில் யாருக்கும் தெரியாது. இரண்டு முறை விடுதியிலிருந்து கிளம்பி மலைப்பாதையில் நடக்க ஆரம்பித்து, ஆள் போய்க் கூட்டி வந்தார்கள்.

பல வருஷம் கழித்து எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' படித்தேன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். நம் ஆனைமலைக் காடர்களை அளவெடுத்துப் படம் பிடித்தவர். 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த புத்தகம் அது. அதில் சீப்பு வைத்த காடர் பெண்ணின் படம் இருக்கிறது. கல்யாணத்தின்போது மாப்பிள்ளை தன் கையால் செய்து பெண்ணுக்குக் கொடுப்பது அந்த மூங்கில் சீப்பு என்றும் எழுதியிருக்கிறார். நான் உருவியது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்த வழக்கம் நம் ஊரில் பிறந்ததும் அல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்ற ஊரில், பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி 1879 முதல் 1918 வரை நடந்தது. முடியை வெட்டி, தாய்மொழி பேசத் தடை போட்ட பள்ளி. அங்கே படித்த நவஹோ இளைஞர் டாம் டார்லினோவின் இரண்டு படங்கள் உலகப் பிரசித்தம். 1882-ல் நீண்ட முடி, காதில் வளையம், கழுத்தில் மாலை. 1885-ல் கோட்டு, கிராப்பு. இரண்டாவது படத்தில் தோலும் வெளுத்துத் தெரிகிறது! மூன்று வருஷப் படிப்பில் தோல் வெளுக்குமா? வெளிச்சம் வைத்த விதம் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். அந்தப் பள்ளியின் இடுகாட்டில் 180-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கல்லறைகள் இருந்தன. அந்த ஜோடிப் படத்தில் அவை தெரியாது.

ஒரு படத்தைப் பார்த்தால் நாம் யோசிக்கிறோம். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நடுவில் உள்ள கதையை நாமே இட்டு நிரப்பிக்கொள்கிறோம். "அதுங்க அப்படி இருந்துச்சு, நாம இப்படி ஆக்கினோம்" என்று. அந்த வீட்டில் எண்ணெய் தேய்த்துவிட்ட கை ஒன்று இருந்தது என்பது அடியோடு மறைந்துபோகிறது.

ஜோடிப் படமே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் படத்தைப் பிள்ளையின் வீட்டார் தேர்ந்தெடுக்கட்டும். அவர்கள் அழகு என்று நினைக்கும் படமாக அது இருக்கட்டும். ஊருக்குக் காட்டலாமா என்று பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "அன்று – இன்று" என்று எழுதுவதற்குப் பதிலாக, நடுவில் என்ன நடந்தது என்று நான்கு வரி எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால் படத்தைப் போடாதீர்கள்.

அந்த இரண்டு படங்களின் பிரதி என் அலமாரியில் இன்னும் இருக்கிறது. அதை இங்கே போடப்போவதில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். என்றாவது நேரில் பார்த்தால் அவளிடமே கொடுத்துவிட வேண்டும்.

பணியில் இருக்கும் ஆசிரியர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டினாலும் சரிதான்.