பிக்கப் வண்டியில் மடக்குக் கூடாரம்

கேள்வி: ஐயா, நாங்கள் சிவகங்கை மாவட்டத்தில் செம்மறி மேய்க்கும் குடும்பம். தை மாதம் சம்பா அறுப்பு முடிந்ததும் தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கிடை போடப் போவோம். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் திரும்பிவிடுவோம். இந்த வருடம் பழைய பிக்கப் வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். அதன் பின்பாடியில் மடக்குக் கூடாரம் ஒன்று வைக்க ஆசை. ஓடும்போது கூரை படிந்திருக்கும், நிறுத்தியதும் தூக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இப்படிச் செய்வதைக் கைபேசியில் பார்த்தேன். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள் மழை வெயிலுக்கு ஒண்டிக்கொள்வார்கள். பட்டறைக்காரர் 'அடித்துவிடலாம்' என்கிறார். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: தம்பி, நல்ல யோசனைதான். டெல்டாவில் நான் வேலை பார்த்த நாட்களில், குட்டிகளுக்குக் குடாப்பு இருக்கும், குட்டிகளைக் காக்கும் பெண்களுக்கு ஒரு தார்ப்பாய்கூட இருக்காது. சித்திரை வெயிலில் கருவேல மர நிழலில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருப்பார்கள். அதனால் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பட்டறைக்குப் போகும் முன் எடைமேடைக்குப் போங்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வண்டியின் வெற்று எடை, இன்னொன்று சுமையோடு சேர்ந்த மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. பழைய வண்டி என்பதால், முன்பு வைத்திருந்தவர் கம்பியும் தகடும் கூட்டி அடித்திருக்கலாம். ஆகவே வெறும் வண்டியை எடைபோட்டுப் பார்த்துவிடுங்கள். உதாரணத்துக்கு உங்கள் வண்டி 1,200 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது கூடாரம். ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய், 2 மி.மீ. கனத்தில், மீட்டருக்குச் சுமார் ஒன்றரை கிலோ வரும். 60 மீட்டர் போனால் 90 கிலோ. 12 மி.மீ. ஒட்டுப்பலகை எட்டுக்கு நாலு அளவில் ஒன்றே இருபது கிலோவைத் தாண்டும். ஐந்து போட்டால் 110. கீல், தார்ப்பாய், படி எல்லாம் 40. ஆக, கூடாரம் மட்டும் 240 கிலோ. ஒரு பீப்பாய் தண்ணீர் 200. நிறைந்த சிலிண்டரும் அடுப்பும் 35. அரிசி, பாத்திரம், படுக்கை, பெட்டி 120. கிடை வலையும் முளைக்குச்சிகளும் 100. நடக்க முடியாத குட்டிகள் இருபது, தலைக்கு எட்டு கிலோ என்றால் 160. முன்னால் உட்காரும் மூன்று பேர் 180. கூட்டிப் பாருங்கள்: 1,035. மீதி 165 கிலோதான். கிடைக்கூலியை நெல்லாக வாங்கி 60 கிலோ மூட்டை மூன்றை ஏற்றினால் கணக்கு உடைந்துவிடும். அதிகப்பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு சீசன் கிடைக் காசில் பெரும்பங்கு அதிலேயே போகும்.

'பின்னால் இரண்டு பட்டை கூடப் போட்டால் தாங்கும்' என்று பட்டறையில் சொல்வார்கள். கேட்காதீர்கள். பட்டை கூடினால் வண்டியின் பின்புறம் தொங்காது, அவ்வளவுதான். பிரேக்கும் அச்சும் டயரும் பழையவையே. எடையைக் குறைக்கத்தான் வழி தேட வேண்டும். பக்கச் சுவருக்குப் பலகை வேண்டாம், கெட்டித் தார்ப்பாய் போதும். கூரைச் சட்டத்துக்கு அலுமினியக் குழாய் முடிந்தால் நல்லது, இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். தண்ணீரை முக்கால்வாசி தூரம் வெற்றுப் பீப்பாயாகக் கொண்டுபோய், போகிற ஊரில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

கனமானதைப் பின் அச்சுக்கு முன்னால், ஓட்டுநர் அறையை ஒட்டி, தரையோடு தரையாக வையுங்கள். பின்கதவுப் பக்கம் பாரம் சேர்ந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்குள் நிற்காது. இரவில் விளக்கு வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். டயர் காற்றைக் காலையில் ஓடுவதற்கு முன் பாருங்கள். பக்கம் வெடித்த டயர் இருந்தால் கூடாரத்தைத் தள்ளிப்போட்டு முதலில் டயர் வாங்குங்கள்.

கூடாரத்தைப் பின்பாடியோடு பற்றவைக்கக் கூடாது. பதிவில் உள்ள அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம், 1988 பிரிவு 52 தடுக்கிறது. வேலை தொடங்கும் முன் படத்தைக் காட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இறக்கி வைக்கும்படி நான்கு கால் வைத்துச் செய்தால் உங்களுக்கே லாபம்: கூடாரம் கிடையில் நிற்கும், வண்டி சந்தைக்குப் போய் வரும். அடியில் ரப்பர் பாய் விரித்து நான்கு மூலையிலும் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்குங்கள். கயிறு வேண்டாம், வழியில் தளர்ந்துவிடும். பெல்ட்டையும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் இறங்கி ஒருமுறை இறுக்குங்கள்.

அடுத்தது நீங்கள் கேட்காதது. வண்டி ஓடும்போது கூடாரத்துக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது, அம்மாவும் சரி, பிள்ளைகளும் சரி. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கு அலைய வேண்டிவரும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாய்க்கால் கரை வளைவில், சுமைமேல் உட்கார்ந்து வந்த ஆறு வயதுப் பெண் என் கண் முன்னால் தெறித்து விழுந்தாள். அன்று வயலில் சேறு இருந்தது, பிழைத்தாள். தார்ச்சாலையாக இருந்தால் நினைக்கவே முடியவில்லை. ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று போட்டிருக்கிறதோ அத்தனை பேர் முன்னால். மற்றவர்கள் பஸ்ஸில் வரட்டும். அந்த டிக்கெட் காசையும் கூடாரச் செலவில் சேர்த்து எழுதுங்கள்.

நிறுத்தும் இடம் பற்றி, இது என் தொழில் என்பதால், கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். டெல்டாக் களிமண் மாசியில் வெடித்துக் கல் மாதிரி தெரியும். வண்டியை வயலுக்குள் இறக்கலாம் போலிருக்கும். ஒரு கோடை மழை போதும், சக்கரம் பாதி புதைந்துவிடும். டிராக்டர் வந்தாலும் இழுப்பது கஷ்டம். களத்துமேடு, கப்பிச்சாலை ஓரம் போன்ற மேட்டில் நிறுத்துங்கள். வாய்க்கால் கரை விளிம்பு ஆகாது, உள்ளே நண்டு வளை இருக்கும். கியரில் விட்டு, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் வையுங்கள். இடி மின்னல் வந்தால் கூடாரத்தில் இருக்காமல், கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டுநர் அறைக்குள் இருப்பது பத்திரம்.

சமையல் எப்போதும் வெளியேதான். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், படுத்திருக்கும் பிள்ளைகள் மூக்குக்கு நேராக.

கிடை போடச் சொல்லும் நில உரிமையாளர்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று: வண்டி நிற்க ஒரு மேடும் குடிக்க ஒரு குழாயும் காட்டிக் கொடுங்கள். கிடை பெயர்ந்ததும் தாமதிக்காமல் ஒரு சால் உழுதுவிடுங்கள். புழுக்கையும் மூத்திரமும் வெயிலில் கிடந்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும்.

தம்பி, எடைமேடைச் சீட்டு வந்ததும் அந்த எண்ணையும் கூடாரத்தின் நீள அகலத்தையும் எழுதி அனுப்புங்கள். குழாய் எத்தனை மீட்டர் போதும் என்று கணக்குப் போட்டு அடுத்த இதழில் சொல்கிறேன். அதுவரை பட்டறைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.