மருந்து வந்தது, மனம் வந்ததா?



நாட்றாம்பாளையத்துப் பேருந்து அஞ்செட்டி மலைச்சாலையில் ஏறி இறங்கி, தேன்கனிக்கோட்டை வழியே ஓசூர் சேருகிறது. கேழ்வரகுக் கொல்லையை விட்டுச் சிப்காட் ஆலைகளை நாடி வரும் இளைஞர்கள் அதிலே வருகிறார்கள். அவர்களின் கூலிக்காகக் குரல் கொடுக்கிறோம். உரிமைக்காகக் கொடி பிடிக்கிறோம். ஆயினும், அவர்களிலே சிலர் நம்மிடம் வாய் திறந்து சொல்ல அஞ்சும் துயரம் ஒன்று உண்டு. இன்று அதனைப் பேசியாக வேண்டும்.

ஆணை நேசிக்கும் ஆண், அல்லது இருபாலரையும் நேசிக்கும் ஆண், தன் குருதியிலே எச்.ஐ.வி. கிருமியைச் சுமப்பானாயின், அவன் தோளிலே சுமை இரண்டு. ஒன்று நோய், மற்றொன்று நாம்!

ஆம், நாம்தான். நோய்க்கு மருந்து வந்துவிட்டது. நம் ஏளனத்துக்கு மருந்து ஏது?

1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் சென்னையிலே இக்கிருமியை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறிந்தபோது, அது சாவோலையாக இருந்தது. இன்று அப்படியல்ல. 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கிற்று. நம் தாம்பரம் மருத்துவமனையும் அந்த முதல் வரிசையில் நின்றது. 2017 முதல், நோய் உறுதியான எவருக்கும் காலம் தாழ்த்தாது மருந்து தருவதே நெறியாயிற்று.

அம்மருந்து கிருமியைப் பெருகவொட்டாமல் தடுக்கிறது. நாள் தவறாது உட்கொண்டால், பெரும்பாலோர்க்குச் சில திங்களிலேயே கிருமியின் அளவு சோதனைக்கும் புலப்படாத நிலைக்குத் தாழ்ந்துவிடும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியே நோய் பிறர்க்குப் பரவாது. ஐரோப்பாவில் 14 நாடுகளில், ஒருவருக்கு மட்டும் நோயுள்ள 782 ஆண் இணையரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். மருந்தால் கிருமி அடங்கியிருந்தவரிடமிருந்து துணைவருக்குத் தொற்றியது எத்தனை பேருக்கு? ஒருவருக்கும் இல்லை!

மருந்தை நிறுத்தினாலோ, கிருமி மீண்டும் தலைதூக்கும். விட்டுவிட்டு உண்டாலோ, மருந்துக்கே அடங்காத கிருமி உருவாகலாம். ஆகவே, நாள்தோறும் ஒரு மாத்திரை என்பது உயிரின் கணக்கு.

எண்ணிப் பாருங்கள்! ஆறு பேர் தங்கும் அறையிலே, பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பி அம்மாத்திரையை எங்கே வைப்பான்? அருகிலுள்ள மருத்துவமனையில் ஊரார் பார்த்துவிடுவரோ என அஞ்சி, எல்லை தாண்டிப் பெங்களூர் செல்பவன், ஒரு நாள் கூலியை இழக்கிறான். அடுத்த முறை செல்லத் தயங்குகிறான். மாத்திரை தீர்கிறது, கிருமி வெல்கிறது. அவனை வீழ்த்தியது கிருமியா, ஊர் வாயா?

சட்டம் நம்மை முந்திச் சென்றுவிட்டது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள், வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு நாள் கழித்து, 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேலை தருவதற்கு எச்.ஐ.வி. சோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. நோயைக் காரணம் காட்டி வேறுபாடு பாராட்டக் கூடாது. ஒருவன் நிலையை அவன் இசைவின்றி வெளியிடக் கூடாது. நூறு பேருக்குக் குறையாத நிறுவனத்தில் முறையீடு கேட்க ஓர் அலுவலர் வேண்டும் என்பது அதன் ஆணை.

ஓசூர் ஆலைகளில் அந்த அலுவலர் யார்? வாயிற்கூட்டத்தில் கேளுங்கள், கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள். தொழிலாளியின் சட்ட உரிமை இது, சலுகையன்று.

ஆனால், யாருக்கு நோய் என்று தேடாதீர்கள்! அது துணையன்று, துரோகம். நம்பி வந்து சொல்பவனின் மறையைக் காத்திடுங்கள். சோதனைக்கும் சிகிச்சைக்கும் வழி கேட்பவனுக்கு 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணைச் சொல்லுங்கள். மேடையிலே கைதட்டல் வாங்க மாற்றானை 'ஆண்மையற்றவன்' என எள்ளும் பேச்சாளர் நம்மவராயினும் தடுத்திடுங்கள். அந்தச் சிரிப்பொலி கேட்டு, கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒருவன் தலை கவிழ்ந்திருக்கக்கூடும்.

பிறப்பால் இழிவில்லை என்று முழங்கிய இயக்கம், அன்பால் இழிவுண்டு என்று சொல்லலாமா? தன்மானம் அனைவர்க்கும் உரியதென்றால், அவனுக்கும் உரியது. மாத்திரையை அரசு தருகிறது. அதை மறைக்காமல் உண்ணும் துணிவை நாம் தருவோம்!