காரின் தலையில் கட்டாதீர்கள்

சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையும் விருத்தாசலம்–சேலம் சாலையும் சந்திக்கிற இடம் வேப்பூர் கூட்டுரோடு. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்கு ஆடு ஏற்றி வரும் மினி லாரிகள், பின்விளக்கு எரியாத டிராக்டர் டிப்பர்கள், அறுவடைக் காலத்தில் தார் மேலேயே காயப்போட்ட மக்காச்சோளம், நடுவில் பாதை கடக்கும் பள்ளிப் பிள்ளைகள். இத்தனைக்கும் இடையே இப்போது சத்தமே இல்லாமல் வழுக்கிப் போகின்றன மின்கார்கள்.

அந்தக் கார்களைப் பற்றி டீக்கடைகளில் இரண்டு பேச்சுகள் அடிபடுகின்றன. வாங்கியவர் பெருமையோடு சொல்வது: "பிரேக்கெல்லாம் அதுவே போடும் சார், வண்டியே பாத்துக்கும்." விபத்து நடந்த பிறகு சொல்வது: "நான் ஒண்ணும் பண்ணல சார், வண்டி தானாப் பாஞ்சிடுச்சு." ஒன்று புகழ்ச்சி, மற்றது பழி. வேர் ஒன்றுதான்: காருக்கென்று ஒரு புத்தி இருக்கிறது என்ற நம்பிக்கை. ஆளைக் கொல்லக்கூடிய இந்த நம்பிக்கையை நான் கண்டிக்கிறேன்.

முதலில் 'பாத்துக்கும்' என்ற பெருமை. இன்று நம் ஷோரூம்களில் 'லெவல் 2' என்று விற்கப்படுவது ஓட்டுநருக்கு உதவி செய்யும் கருவி. ஓட்டுநரின் இடத்தை அது எடுத்துக்கொள்வதில்லை. கண்ணும் கையும் சாலையில் இருக்க வேண்டும் என்று காரோடு தரும் கையேடே சொல்கிறது. கேமரா வெள்ளைக் கோட்டைப் பார்த்துத்தான் தடத்தை அறிகிறது. கோட்டின் மேல் சோளம் காய்ந்தால் அது எதைப் பார்க்கும்? சாலையில் அசையாமல் நிற்கும் வண்டியை, அதிலும் நாம் வேகமாகப் போகும்போது, இந்தக் கருவிகள் தவறவிடலாம். 2016 மே மாதம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஆட்டோபைலட் என்ற உதவிக் கருவியில் ஓடிய டெஸ்லா கார் குறுக்கே திரும்பிய டிரெய்லரை உணராமல் அதன் அடியில் புகுந்தது. ஓட்டியவர் இறந்தார். ஓட்டுநரின் கவனத்தைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்ற காரணத்துக்காக 2023 டிசம்பரில் அதே நிறுவனம் அமெரிக்காவில் 20 லட்சம் கார்களின் மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்தது. இங்கேயோ ஸ்டீயரிங்கில் தண்ணீர் பாட்டிலைக் கட்டிக் கருவியை ஏமாற்றிவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வீடியோ எடுக்கிறார்கள்.

கருவி சரியாகவே வேலை செய்கிறது என்று வையுங்கள். முன்னால் தடை தெரிந்ததும் உங்கள் கார் தானாக நின்றுவிடும். பின்னால் 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி நிற்குமா? 2023 ஜனவரி 3 அதிகாலையில், வேப்பூர் அருகே அய்யனார்பாளையத்தில், லாரிகளுக்கு இடையே நசுங்கிய காரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இறந்தார்கள். இந்தச் சாலையில் பாதுகாப்பு உங்கள் ஒரு காருக்குள் அடங்கிவிடுவதில்லை. லாரி, பேருந்துகளுக்குத் தானியங்கி அவசர பிரேக்கைக் கட்டாயமாக்க மத்திய அரசு வரைவு அறிவிக்கை வெளியிட்டதே 2025இல்தான். 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, 17,884 பேர் இறந்தார்கள். இந்தக் கணக்குக்கு நடுவே நின்றுகொண்டு 'வண்டியே பாத்துக்கும்' என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

அடுத்தது 'தானாப் பாஞ்சிடுச்சு'. 2024 ஜூலை 1 இரவு, தென்கொரியத் தலைநகர் சியோலின் மாநகராட்சிக் கட்டடம் அருகே ஒரு கார் பாதசாரிகள் மீது பாய்ந்து ஒன்பது பேர் இறந்தார்கள். கார் தானாக வேகமெடுத்தது என்றார் ஓட்டுநர். அவர் மிதித்தது ஆக்சிலேட்டரை என்று காருக்குள் இருந்த கருவியின் பதிவும், ஷூவின் அடியில் விழுந்திருந்த பெடல் தடமும் காட்டின. 2019இல் டோக்கியோவின் இகெபுகுரோவில் தாயும் மூன்று வயது மகளும் இறந்த விபத்திலும் 87 வயது ஓட்டுநர் காரைத்தான் குற்றம் சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. டெஸ்லா கார்கள் தாமாகப் பாய்கின்றன என்ற புகாரை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் பல விபத்துகளை எடுத்து ஆராய்ந்தது. பதிவு கிடைத்த ஒவ்வொன்றிலும் பெடல் மாறி மிதித்ததே காரணம் என்று 2021 ஜனவரியில் கோப்பை மூடியது.

இவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. பிரேக்கில்தான் கால் இருக்கிறது என்று மனம் நம்பிவிட்டால், வேகம் கூடக்கூட இன்னும் அழுத்தி மிதிப்போம். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இருபது வருடம் கிளட்ச் வண்டி ஓட்டியவர் பதறினால் இரண்டு காலையும் ஒன்றாக அழுத்துவார். பழைய வண்டியில் கிளட்ச் விழுந்து எஞ்சினின் இழுவை அறுந்துவிடும். மின்காரில் கிளட்சே கிடையாது. எஞ்சின் உறுமலும் கிடையாது, தப்பாக மிதிக்கிறோம் என்று காது சொல்லாது. மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையைத் தருகிறது. பெட்ரோல் வண்டி ஒரு உறுமல் உறுமிக் கிளம்புவதற்குள் இது எதிர்ச்சுவரில் போய் நிற்கும்.

அப்படியானால் எல்லாம் ஓட்டுநர் பிழைதான் என்று நிறுவனங்கள் கை கழுவிவிடலாமா? கூடாது. 2009இல் அமெரிக்காவில் டொயோட்டா கார்கள் கட்டுமீறி ஓடியபோது, மிதியடியில் சிக்கும் பெடலும் மேலே எழாமல் ஒட்டிக்கொள்ளும் பெடலும் உண்மையாகவே இருந்தன. மின்னணுக் கோளாறு இல்லை என்று 2011இல் நாசா ஆய்வு சொன்னது. ஆனால் பெடல் குறைகளைப் பற்றி மக்களுக்கு உண்மையைச் சொல்லாத குற்றத்துக்காக 2014இல் அந்த நிறுவனம் 120 கோடி டாலர் கட்டியது. 2023இல் சீன அரசு டெஸ்லாவின் 11 லட்சம் கார்களைத் திருத்த வைத்தது. காலை எடுத்ததும் கார் தானே வேகம் குறையும் அமைப்பின் அளவை ஓட்டுநர் தேர்ந்தெடுக்க வழியில்லை, ஆக்சிலேட்டரை நெடுநேரம் அழுத்தினால் போதிய எச்சரிக்கை இல்லை, இது பெடல் மாறி மிதிக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதே காரணம். மனிதன் தவறுவான் என்று தெரிந்தும் தவறுக்கு இடம் வைத்துச் செய்தால், அதில் செய்தவனுக்கும் பங்கு உண்டு. பெடல் மாறி மிதித்தால் வேகத்தைத் தடுக்கும் கருவியை ஜப்பான் 2028 செப்டம்பர் முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களுக்குக் கட்டாயமாக்குகிறது.

ஆனால் யார் பிழை என்று முதலில் தெரிய வேண்டுமே. 2025 ஆகஸ்டில் அவிநாசியில், சரிவில் நின்ற டாடா ஹாரியர் மின்கார் பின்னோக்கி நகர்ந்து, அருகில் நின்றவர் அடிபட்டு இறந்தார். ஆள் இல்லாமலே காரை நகர்த்தும் சம்மன் வசதியின் கோளாறு என்றனர் குடும்பத்தார். காட்சியைப் பார்த்தால் மோட்டார் இயங்கியதாகத் தெரியவில்லை, கார் சரிவில் உருண்டிருக்கிறது, காரை இன்னும் பரிசோதிக்கவில்லை என்றது நிறுவனம். நாடே கைப்பேசியில் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு ஆளுக்கொரு தீர்ப்பு எழுதியது. இரண்டு தரப்புக்கும் வெளியே நின்று, அந்த நொடியில் காருக்குள் என்ன நடந்தது என்று எடுத்துச் சொல்லும் பதிவுதான் மக்கள் முன்னால் இல்லை.

எங்கள் பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். அங்கே வார்த்துச் சுடும் பொருள்களில் ஒன்று ஃபியூஸ் கட்டை. கரண்ட் போனால் வீட்டுக்காரர் அதைப் பிடுங்கிப் பார்க்கிறார். கம்பி உருகியிருக்கிறதா இல்லையா என்பது அவர் கண்ணுக்கே தெரியும், கம்பெனியிடம் கேட்க வேண்டியதில்லை. சில ரூபாய் ஃபியூஸ் கட்டை தரும் இந்தச் சாட்சியை இருபது லட்ச ரூபாய்க் கார் தரக் கூடாதா? விபத்துக்கு முந்தைய ஐந்து நொடிகளின் வேகம், பிரேக், ஆக்சிலேட்டர் எல்லாவற்றையும் பதியும் கருவி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் ஒவ்வொரு புதிய காருக்கும் கட்டாயம்.

அதே கட்டாயம் இங்கேயும் வர வேண்டும். பதிவைப் படிக்கும் உரிமை காவல் துறைக்கும், நீதிமன்றத்துக்கும், இறந்தவரின் குடும்பத்துக்கும் இருக்க வேண்டும். மின்கார்களைத் தூத்துக்குடியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் செய்து விற்கும் தமிழ்நாடு இதை முதலில் கேட்க வேண்டும்.

மின்கார் வாங்கும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். சாவி வாங்கிய அன்றே நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். ஆளில்லாத மைதானத்தில் ஒரு வாரம் ஓட்டி, காலுக்கு இரண்டு பெடல் பழக்கம் வரட்டும். இறங்கும் முன் கியரைப் பார்க்கில் வைத்து, ஹேண்ட் பிரேக் விழுந்ததா என்று ஒருமுறை பாருங்கள். உதவிக் கருவி எது எதைப் பார்க்காது என்பதை ஷோரூமிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காருக்குப் புத்தி கிடையாது. செய்தவருக்கும், அனுமதித்தவருக்கும், ஓட்டுகிற நமக்கும்தான் உண்டு.