கேட்பதை நாமே தேர்ந்தெடுப்போம்!

மனத்தைப் பண்படுத்தும் கலைகளுள் இசைக்கு நிகர் இசையே. அன்று கிராமபோன், பின்னர் வானொலி, ஒலிநாடா; இன்றோ கணினியே இசைப்பெட்டி ஆகிவிட்டது. கணினியில் பாட்டுக் கேட்க மென்பொருள்கள் பல உள. அவற்றுள் பாடகர் குழு மாணவியராகிய நாங்கள் விரும்புவது வி.எல்.சி. பிளேயரையே. ஏன்?

முதலாவது, அதன் பிறப்பு. 1996-இல் பாரிஸ் எக்கோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய முயற்சி இது. 2001-இல் அதன் மூலநிரல் யாவர்க்கும் உரியதாக வெளியிடப்பட்டது. அம்மாணவர்கள் திரட்டி வைத்திருந்த சாலைக் கூம்பே இன்றும் அதன் சின்னம். பெற்ற தாலந்தை மண்ணில் புதைக்காமல் உலகுக்குப் பகிர்ந்தளித்தவர்கள் போற்றுதற்குரியவர் அன்றோ!

இரண்டாவது, அதன் பயன். சுருதி மாறாமல் பாட்டின் வேகத்தை மட்டும் குறைக்கலாம். கடினமான ஓர் அடியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால், அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கும். இரண்டாம் குரல் பாடுவோர் தம் பகுதியைக் கற்க இதைவிட நல்ல துணை ஏது? கையிலுள்ள பாடலைக் கேட்க இணையம் வேண்டா, கட்டணமும் வேண்டா.

மூன்றாவது, அதன் அடக்கம். எமக்கு இதுவே தலையாயது. "இணையத்தில் கோடிக்கணக்கான பாடல்கள் இருக்க, இது எதற்கு?" எனத் தோழியர் நகைப்பதுண்டு. புதிய பாடல்களை அறிய இணையம் உதவுவது உண்மையே. வி.எல்.சி.யின் தோற்றத்தில் கவர்ச்சி இல்லை என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் அங்கே, ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது எது என்பதை வேறெதுவோ தீர்மானிக்கிறது. கட்டணம் செலுத்தாதோர்க்கு, பக்திப் பாடலின் அமைதி அடங்குமுன் சோப்பு விளம்பரம் முழங்குகிறது. வி.எல்.சி.யோ நாம் கொடுத்ததைப் பாடுகிறது, முடிந்ததும் மௌனமாகிறது. அந்த மௌனத்தில்தான் பாட்டு நெஞ்சில் இறங்குகிறது.

இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியம்மாள், தம் திருமண நாளில் வாத்தியங்கள் முழங்கியபோது இதயத்துள் இறைவனைப் பாடினார் என்பது மரபு. புற ஒலிகளுக்கிடையே தாம் கேட்க வேண்டியதை அவர் தேர்ந்தெடுத்தார். அத்தேர்வு நமக்கும் வேண்டும்.

பெற்றோரே, உங்கள் உள்ளம் கவர்ந்த நல்ல பாடல்களைத் திரட்டிப் பிள்ளைகளின் கணினியில் சேர்த்துக் கொடுங்கள். தோழியரே, நாளுக்கு ஒரு பாடலையேனும் வேறு வேலையின்றி முழுமையாகக் கேளுங்கள். கருவி நமக்குப் பணி செய்யட்டும். நாம் கருவிக்கு அடிமையாக வேண்டா!