ஊர்ல ஓட்டு இருக்குன்னு பெருமை பேசாதீங்க

சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் குடியிருக்குற நம்ம சனத்துக்கிட்ட "எங்கீங்க ஓட்டு?"ன்னு கேட்டுப் பாருங்க. "எனக்கு ஊர்லதானுங்க"ன்னு பெருமையாச் சொல்லுவாங்க. கடைசியா எப்போ வந்து போட்டீங்கன்னு கேட்டா பேச்சு மாறிடும். பஸ்ல இடமில்லை, லீவு பத்தலைன்னு ஆயிரம் காரணம்.

ஊர்ல இருக்குற விவசாயி சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஓட்டை நீங்க இருக்குற இடத்துக்கே எடுத்துட்டுப் போயிருங்க.

2021 சட்டமன்றத் தேர்தல்ல எங்க கரூர் மாவட்டத்துல 83 சதவீதத்துக்கு மேல ஓட்டு விழுந்துச்சு. சென்னையில சுமார் 59. இது பட்டியல்ல பேர் இருக்குறவங்க கணக்கு மட்டும்தான். ஊர்ல பேரை வச்சுக்கிட்டு சென்னையில வாழ்றவங்க அந்தக் கணக்குலயே வரமாட்டாங்க. அதே தேர்தல்ல தியாகராய நகர்ல ஜெயிச்ச வித்தியாசம் 137 ஓட்டு. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல இருக்குற சனம்தான் அது. "என் ஒரு ஓட்டுல என்ன ஆகிடப் போகுது"ன்னு இனிமே யாரும் சொல்லாதீங்க.

"ஊர்ப் பாசம்"னு சொல்றீங்க. சரி. ஆனா சட்டம் பாசத்தைப் பாக்குறதில்ல. வழக்கமா எங்க குடியிருக்கீங்களோ அங்கதான் பேர் இருக்கணும்ங்குது 1950ஆம் வருசத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஊர்ல வீடு சொந்தமா இருக்குங்குறது மட்டும் பத்தாது. ரெண்டு இடத்துல பேர் இருக்கவே கூடாது.

எங்களுக்கு இதுல என்ன நட்டம்னு கேப்பீங்க. பஞ்சாயத்துத் தேர்தலுக்கும் இதே சட்டமன்றப் பட்டியலை வச்சுத்தான் பட்டியல் தயாரிக்கிறாங்க. அங்க பத்து ஓட்டு, இருபது ஓட்டுல தலைவர் மாறிடுவாரு. வசதியான வேட்பாளர் வேன் புடிச்சு வெளியூர்ல இருந்து ஆளைக் கூட்டியாந்து இறக்குனா என்ன ஆகும்? எங்க தெருவிளக்கும் குடிதண்ணிக் குழாயும் அன்னிக்கு ராத்திரியே திரும்பிப் போறவங்க கையால முடிவாகும். இது என்ன நியாயம்?

இன்னொரு பயமும் இருக்குது. பட்டியல்ல இருந்து பேரை எடுத்தா ஊர்ல உரிமை போயிடும், பங்கு போயிடும்னு. பட்டாவுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் சம்பந்தமே கிடையாது. நிலம் உங்களுதுதான். யாரும் புடுங்க மாட்டாங்க.

வேலை ரொம்ப லேசு. ஏற்கெனவே ஊர்ல பேர் இருந்தா, முகவரி மாத்த படிவம் 8. எங்கயுமே பேர் இல்லைன்னா, புதுசாச் சேர படிவம் 6. தேர்தல் ஆணையத்தோட வாக்காளர் இணையதளத்துலயே போடலாம். இல்லைன்னா உங்க வாக்குச்சாவடி அலுவலர்கிட்ட எழுதிக் குடுக்கலாம். சந்தேகம்னா 1950க்குப் போன் பண்ணுங்க. வாடகை வீடுன்னு தயங்காதீங்க. இப்ப இருக்குற முகவரி போட்ட ஆதாரோ, பேங்க் பாஸ்புக்கோ போதும். புள்ளைங்களுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் 1ஆம் தேதிகள்ல எதுல 18 முடியுதோ அப்பவே பேர் சேத்துக்கலாம். 17 முடிஞ்சதும் முன்கூட்டியே விண்ணப்பம் குடுக்கலாம்.

வேட்புமனு கடைசி நாளுக்கு அப்புறம் அந்தத் தேர்தலுக்குப் பட்டியல்ல யாரையும் சேக்க முடியாது. அதனால தேர்தல் தேதி அறிவிக்கட்டும்னு குந்தியிருக்காதீங்க. கையில அட்டை இருக்குதுன்னு நிம்மதியாவும் இருக்காதீங்க. அட்டை இருந்தும் பட்டியல்ல பேர் இல்லைன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. பேர் இருந்து அட்டை தொலைஞ்சிருந்தா ஆதார், ஓட்டுநர் உரிமம் மாதிரி ஒண்ணைக் காட்டிப் போடலாம். ஓட்டு அன்னிக்குச் சம்பளத்தோட லீவு குடுக்கணும்னு சட்டமே இருக்குது. அது மகாபலிபுரம் போறதுக்குக் குடுத்த லீவு இல்லைங்க.

234 பேர் உக்கார்ற சபையிலதான் நெல் கொள்முதலும் பம்புசெட் மின்சாரமும் பேச்சுக்கு வருது. அங்க உங்க வேளச்சேரி எம்.எல்.ஏ. தூக்குற கையும், எங்க அரவக்குறிச்சி எம்.எல்.ஏ. தூக்குற கையும் ஒரே கணக்குதான். நீங்க அங்க நல்ல ஆளை அனுப்பினா அது எங்களுக்கும் நல்லது.

நோம்பிக்கு வாங்க, பொங்கலுக்கு வாங்க. இளநி வெட்டிப் போடுறோம். ஓட்டை மட்டும் நீங்க தண்ணி குடிக்கிற ஊர்ல வைங்க.