பில் தகராறில் கோர்ட்டுக்குப் போறீங்களா? முதல்ல 75% கட்டணும்!

கைலாசபுரம் பெல் டவுன்ஷிப்பைத் தாண்டினால் துவாக்குடி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். எந்தச் சிறு பட்டறைக்கும் ஆர்டர் பிடிப்பது பாதி வேலைதான். பில் பணம் கைக்கு வரணும்.

2006 எம்எஸ்எம்இ சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரை விசாரிப்பது ஃபெசிலிடேஷன் கவுன்சில்; திருச்சியிலும் ஒன்று உண்டு.

‘10 லட்சம் கொடு’ என்று உத்தரவு வந்தால்? எதிர்த்து கோர்ட்டுக்குப் போகும் நிறுவனம் முதலில் 7.5 லட்சம் டெபாசிட் செய்யணும். இதுதான் 19-வது பிரிவு. வழக்கு முடியும் முன்பே அதில் ஒரு பங்கை பட்டறைக்குக் கொடுக்கவும் கோர்ட் உத்தரவிடலாம். மாசம் பொறந்தால் சம்பளம், கரன்ட் பில் கட்டுகிறவருக்கு வட்டியை விட இதுதான் பெரிசு.

டெபாசிட்டைத் தவிர்க்க ஒரு சந்து இருந்தது: நேரே ஹைகோர்ட்டில் ரிட். இந்தியா கிளைகால்ஸ் வழக்கில் 2023-ல் சுப்ரீம் கோர்ட் அதை அடைத்தது. ஆனால் 2025 ஜனவரியில் வந்தது டான்செம் வழக்கு. அரியலூரில் ஆலை வைத்திருக்கும் தமிழக அரசின் சிமென்ட் நிறுவனம்தான் அது. ரிட் எப்போது செல்லும், சமரசம் பேசிய கவுன்சிலே தீர்ப்பும் சொல்லலாமா என்ற கேள்விகளை 5 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது சுப்ரீம் கோர்ட்.