இரும்புக் கடைக்குப் போகும் நினைவகங்கள்

சில வாரங்களுக்கு முன்னர், மஸ்கெலியா நகரிலுள்ள கணினி திருத்தும் கடையொன்றில் காத்திருந்தேன். எனது மடிக்கணினிக்கு இன்னுமொரு ராம் போட வேண்டியிருந்தது. கடைக்காரர் சொன்ன விலைக்கு நான் கொண்டுபோன காசு போதவில்லை. “எல்லா இடத்துலயும் இதுதாண்ணே நெலம. கொழும்புலயே கேட்டுப் பாருங்க” என்றார்.

அந்நேரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஆட்டோவிலிருந்து மஞ்சளேறிய கணினிப் பெட்டியொன்றை இறக்கினார். 1990களில் வந்த 486 ரகம். தோட்டங்களில் வேலை செய்த சமூக சேவை அமைப்பொன்று மூடப்பட்டபோது அவரிடம் கொடுத்துவிட்டுப் போனது. கூடவே ஒரு பிஸ்கட் தகரம். அதனுள் ஐந்தேகால் அங்குல பிளொப்பி வட்டுகள்.

“சேர், இத எடைக்குப் போட்டுருங்க. இதுல இருக்கிற ராம் இப்ப உள்ள மெஷினுக்குப் பொருந்தாது” என்றார் கடைக்காரர்.

“மெஷின் வேணாம் தம்பி. உள்ள இருக்கிறதப் பார்க்கணும்.”

உள்ளே இருப்பது பெயர்ப் பட்டியல். பிரஜாவுரிமைக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க உதவியபோது அவர்கள் தட்டச்சு செய்தது. 1977இலும் 1983இலும் அடித்து விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களின் விபரங்களும் அதிலே இருக்கின்றன. எந்தத் தோட்டம், எந்த லயம், யாருடைய பிள்ளை, கடைசியாகக் கிடைத்த முகவரி எது என்ற விபரங்கள்.

பெட்டியைத் திறந்து பார்த்தோம். கணினி இயங்கவில்லை. காரணம் எளிமையானது. நினைவகத் துண்டுகள் நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தன. வேறொரு கணினிக்காக யாரோ எப்போதோ இரண்டைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். 30 முனை கொண்ட அந்தக் காலத்துத் துண்டு ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் 8 பிட் மட்டுமே கொடுக்கும். 486க்குத் தேவை 32 பிட். ஆகவே நான்கும் சேர்ந்திருந்தால்தான் கணினி நினைவகத்தை எண்ணவே தொடங்கும். இரண்டு துண்டுகள் இல்லாததால் ஒரு தோட்டத்தின் பெயர்ப் பட்டியல் தகரத்துக்குள்ளேயே கிடக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு துண்டுகளைப் பற்றியது.

விலை ஏன் ஏறியது?

உலகின் ராம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை மூன்று நிறுவனங்கள்: தென்கொரியாவின் சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரோன். செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் தரவு நிலையங்கள் இப்போது இவர்களின் உற்பத்தியை முன்கூட்டியே வாங்கிவிடுகின்றன. 2025 டிசம்பரில் மைக்ரோன், சாதாரண பாவனையாளருக்கு ராம் விற்றுவந்த தனது ‘குரூஷியல்’ வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, ஒக்டோபர் 14ஆம் திகதி, விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவடைந்தது.

இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும்? பழைய கணினிகள் பெருமளவில் ஒதுக்கப்படும். ஒதுக்கப்படுபவற்றில் பயன்படக்கூடிய ராம் உருவப்படும். மிச்சம் இரும்புக் கடைக்குப் போகும். புதிய கணினிக்கு இடம் தேடி அலுமாரியைத் துப்புரவாக்கும்போது, இருபது முப்பது வருடப் பழைய பெட்டிகளும் அந்தக் குவியலோடு சேர்ந்தே போகும்.

சில்லுத் தட்டுப்பாடு புதிதல்ல. 1986இல் அமெரிக்காவும் ஜப்பானும் குறைகடத்தி வர்த்தகம் பற்றி ஒப்பந்தம் செய்தன. அதன் பின்னர், 1988இல் உலகெங்கும் ராம் கிடைக்காமல் விலை பாய்ந்தது. வீட்டுக் கணினிகளுக்குக் கூடுதல் நினைவகம் வாங்கிப் பொருத்திக்கொண்டிருந்த காலம் அது. வல்லரசுகளின் பேரம் சாதாரண மனிதரின் மேசைக்கு வந்து சேர்ந்தது, அன்றும் இதே வழியால்தான்.

ஒரு கிலோபைட்டின் காலம்

1981 மார்ச்சில் பிரித்தானியாவில் சிங்கிளேயர் நிறுவனம் ‘இசட்எக்ஸ்81’ என்ற வீட்டுக் கணினியை வெளியிட்டது. விலை 70 பவுணுக்குச் சற்றுக் குறைவு. நினைவகம் 1 கிலோபைட். இன்று நாம் பாவிக்கும் யூனிகோட் முறையில் தமிழைச் சேமித்தால், ஓர் எழுத்துக்குறிக்குப் பொதுவாக 3 பைட் தேவை. அப்படியானால் ஒரு கிலோபைட் இந்தப் பந்தி ஒன்றாலேயே பெரும்பாலும் நிரம்பிவிடும்.

ஆகவே 16 கிலோபைட் கொண்ட ஒரு கறுப்புப் பெட்டியைத் தனியாக விற்றார்கள். கணினியின் பின்பக்கத்தில் செருக வேண்டும். தட்டச்சு செய்யும்போது அது சற்று ஆடினாலும், அதுவரை எழுதியதெல்லாம் அழிந்துவிடும். பசை நாடாவாலும் களிமண் போன்ற ஒட்டுப் பொருளாலும் அதை இறுக்கி வைத்த கதைகளை அக்காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

பிறகு ஒவ்வொரு கணினிக்கும் இவ்வாறான விரிவாக்கங்கள் வந்தன. கொமடோர் 64க்கும் கொமடோர் 128க்குமாக 128, 256, 512 கிலோபைட் என மூன்று பெட்டிகள். அமிகா 500க்கு அடிப்பகுதியில் செருகும் 512 கிலோபைட் அட்டை. பிபிசி மைக்ரோவில் இருந்தது 32 கிலோபைட். அதற்கும் பலர் பலவித அட்டைகள் செய்தனர். 1980களின் நடுப்பகுதியில் இந்தியாவில் ‘கிளாஸ்’ என்ற பாடசாலைக் கணினித் திட்டம் தொடங்கியபோது மாணவர்களின் முன்னால் வைக்கப்பட்டதும் இந்த பிபிசி மைக்ரோதான்.

இன்று இந்த அட்டைகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தின் பிளெட்ச்லி பூங்காவிலும் கேம்பிரிட்ஜிலும் கணினி அருங்காட்சியகங்கள் உண்டு. அவற்றுக்கு வெளியே, வீட்டு மேசையில் வைத்துத் திருத்துபவர்களே அதிகம். அவர்கள் பழுதான சில்லை ஒவ்வொன்றாகச் சோதித்து மாற்றுகிறார்கள். அட்டையின் மின்சுற்றை வரைந்து பொதுவில் வைக்கிறார்கள். கிடைக்காத அட்டைகளைப் புதிதாகச் செய்கிறார்கள். கையேட்டை ஸ்கான் செய்கிறார்கள்.

அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டிய முதற் பாடம் பற்றரியைப் பற்றியது. அமிகாவின் அந்த அட்டையில் கடிகாரத்துக்காக ஒரு சிறிய மீள்மின்னேற்றப் பற்றரி பற்றவைக்கப்பட்டிருந்தது. காலப்போக்கில் அது கசிந்து அட்டையின் செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். அலுமாரியில் பத்திரமாக வைத்த அட்டைதான் பழுதானது. வெளியில் எடுத்துப் பார்த்துப் பற்றரியை வெட்டி எறிந்தவருடையது தப்பியது. 386, 486 கணினிகள் பலவற்றின் தாய்ப்பலகையிலும் இதே மாதிரிப் பற்றரி இருக்கிறது. மஸ்கெலியாவில் நாங்கள் திறந்த பெட்டியிலும் பற்றரியைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது.

ஒன்றும் தங்காத பொருளை ஏன் காக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. ராமில் எதுவும் தங்காது. மின்சாரம் போனால் அதிலிருந்தது அழிந்துவிடும். வட்டைக் காப்பது புரிகிறது. ராமைக் காத்து என்ன பயன்?

ராம் அலுமாரி அல்ல, மேசை. அலுமாரியில் ஆயிரம் கோப்புகள் இருக்கலாம். விரித்துப் படிக்க மேசை வேண்டும். மேசை சிறிதென்றால் பெரிய கோப்பை விரிக்க முடியாது. 1984இல் வந்த முதல் மக்கின்டோஷ் கணினியில் 128 கிலோபைட் மட்டுமே இருந்தது. 1986இல் வந்த மக்கின்டோஷ் பிளஸ் 1 மெகாபைட்டுடன் வந்து 4 மெகாபைட் வரை விரிந்தது. பக்கம் பக்கமாகப் பத்திரிகை வடிவமைக்கும் வேலை ஒரு மேசைக் கணினியில் சாத்தியமானதற்கு இந்த விரிவும் ஒரு காரணம்.

நமது கதை இங்கேதான் வந்து சேர்கிறது. போரால் சிதறிய தமிழர்கள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் பத்திரிகைகளையும் சிறு சஞ்சிகைகளையும் நடத்தியபோது, கையெழுத்திலிருந்தும் தட்டச்சிலிருந்தும் இத்தகைய கணினிகளுக்கே மாறினார்கள். சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1993இல் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். நம்மவர்களிடையே ‘பாமினி’ பரவியது. மரண அறிவித்தல், கோயில் மலர், நினைவு மலர், சங்க அறிக்கை என எல்லாமே இந்த எழுத்துருக்களில் தட்டச்சாகின. யூனிகோடில் தமிழ் 1991 முதலே இருந்தாலும், அது நமது அன்றாடப் பாவனைக்கு வரப் பல வருடங்கள் பிடித்தன.

ஆகவே அந்தக் கோப்புகளில் தமிழ் தமிழாக இல்லை. உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகவே தெரியும். பார்த்தவர் பழுதென்று நினைத்து அழித்துவிடுவார்.

மூன்றரை அங்குல, 1.44 மெகாபைட் பிளொப்பி என்றால் கவலை குறைவு. யூஎஸ்பியில் செருகும் மலிவான வாசிப்பானே போதும். ஐந்தேகால் அங்குல வட்டுகளையும், பழைய மக்கின்டோஷின் 800 கிலோபைட் வட்டுகளையும், அமிகா வட்டுகளையும் அந்த வாசிப்பான் வாசிக்காது. அவற்றுக்கு விசேட கருவிகள் உண்டு; மஸ்கெலியாவில் கிடைக்காது. இங்கே எட்டக்கூடிய வழி பழைய கணினி, அதுவும் நினைவகம் குறையாத பழைய கணினி.

இழப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

இசட்எக்ஸ்81 கடைக்கு வந்த அதே வருடம், மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அதற்குப் பின்னரான வருடங்களில் ஒரு காகிதத்தையோ படத்தையோ கையில் வைத்திருப்பதே ஆபத்தாக இருந்தது. புதைத்தோம், எரித்தோம், இடம்பெயரும்போது விட்டுவிட்டு ஓடினோம்.

மலையகத்தின் கதை வேறு வழியால் இதே இடத்துக்கு வருகிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களிடம் கேட்டது காகிதம். தகப்பனும் பாட்டனும் பிறந்ததற்கு அத்தாட்சி. அது இல்லாததால் லட்சக்கணக்கானோர் நாடற்றவர்களாயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் 3 லட்சம் பேரை இலங்கைக்கென்றும் எண்ணிக்கையாகப் பிரித்தது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்ற நிலை பெருமளவில் முடிந்தது. ஆனால் காகிதத்தின் தேவை முடியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலையகத்தில் மண்ணோடு போன வீடுகளில் பத்திரங்களும் போயின.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து பெரும் பணி செய்துவருகிறது. காகிதத்துக்கு அப்படியொரு வழி பிறந்துவிட்டது. வட்டுக்குள் இருப்பதற்கு இன்னும் பிறக்கவில்லை. 1990களில் தட்டச்சானவற்றில் பல அச்சிடப்படவே இல்லை. அவற்றுக்கு வட்டைத் தவிர வேறு பிரதி கிடையாது.

செய்யக்கூடியவை

யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, ஹட்டன் என ஊருக்கு ஒன்றாக, நினைவகம் முழுமையாக உள்ள ஒரு பழைய கணினி இயங்கும் நிலையில் இருந்தால் போதும். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. பல்கலைக்கழகங்களும் பாடசாலைகளும் சங்கங்களும் பாவனைக்கு உதவாதவை என்று ஏலமிடும் பொருட்களில் ஒன்றிரண்டை ஒதுக்கி வைத்தாலே போதும்.

வீட்டில் பழைய கணினி உள்ளவர்கள் அதை உடனே மின்சாரத்தில் செருக வேண்டாம். முதலில் திறந்து, பற்றரி கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். கசிந்திருந்தால் திருத்துபவரிடம் கொடுத்து அகற்றுங்கள். ராம் துண்டுகளை எண்ணி, எது எந்த இடத்தில் இருந்தது என்று கைபேசியில் படமெடுங்கள். விற்பதென்றாலும் வட்டுகளை வாசித்த பின்னர் விற்கலாம். கோப்புகளைப் பிரதியெடுக்கும்போது எழுத்துருவையும் சேர்த்தே எடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர்ப் பட்டியல் என்பது நமது நாட்டில் சாதாரண கோப்பு அல்ல. பட்டியலை வைத்து வீடு தேடி வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே வட்டை யாரிடம் கொடுக்கிறோம், பிரதி எங்கே இருக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே கொடுக்க வேண்டும். காப்பாற்றுவது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. உரியவர்களின் சம்மதமில்லாமல் இரண்டாவதைச் செய்யக்கூடாது.

பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலினதும் விகாரையினதும் பள்ளிவாசலினதும் எச்சங்கள் வெளியே தெரியும். நாங்களும் போய்ப் படமெடுப்போம். அந்தத் தெருவில் யார் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டால், சொல்லக்கூடிய முதியவர்கள் ஒவ்வொரு வருடமும் குறைந்துகொண்டே போகிறார்கள்.

கடைக்காரர் இப்போது பழைய பெட்டி எது வந்தாலும் திறந்து பார்த்துவிட்டுத்தான் எடைக்குப் போடுகிறார். இரண்டு துண்டுகள் இன்னும் கிடைக்கவில்லை. ஆசிரியர் தகரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்; பெட்டியைக் கடையிலேயே விட்டிருக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை தொலைபேசியில் கேட்கிறார்: “தம்பி, கெடச்சிச்சா?”

உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கலாம். பாருங்கள்.